கேட்காமல் எழுதிய தாள்

எதிர்த்தரப்பு ஆட்கள் எங்கள் ஊர் தோருயாமாவில் இருபது வீடுகளுக்குப் போய், "போன டிசம்பரில் யாராவது வந்து உங்களிடம் கேள்வி கேட்டார்களா?" என்று விசாரித்தார்கள். பத்தொன்பது வீட்டில் ஆமாம் என்று சொன்னார்கள். ஒரு வீட்டில் மட்டும் ஒருத்தி, "எங்க வீட்டுக்கு எவனும் வரல" என்றாள். அது இபியேரேயின் வீடு. அந்த வீட்டுத் தாளில், கேட்டவர் பெயர் எழுதும் இடத்தில் பியோபெலே என்று இருந்தது. அது என் பெயர். நானே என் கையால் எழுதியது.

இபியேரே சொன்னதுதான் உண்மை. நான் அந்த வீட்டுக்குப் போகவில்லை.

அந்த ஒரு தாள் ஏன் அவ்வளவு பெரிசு என்று சொல்ல வேண்டும். ஆறு வருஷத்துக்கு முன் எங்கள் கழிமுகத்தின் மேல்பக்கம் கம்பெனிக் குழாய் வெடித்தது. எண்ணெய் இறங்கி அலையாத்திக் காட்டு வேரெல்லாம் கறுத்தது. வேரில் ஒட்டியிருந்த நத்தை, கூட்டுக்குள்ளேயே வெந்த மாதிரி வாயைப் பிளந்து செத்தது. ஊர் சேர்ந்து போர்ட் ஹார்க்கோர்ட் கோர்ட்டில் வழக்குப் போட்டது. எவ்வளவு நஷ்டம் என்று கோர்ட் கேட்டபோது யாரிடமும் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. சேற்றில் குனிந்து நத்தை பொறுக்குகிறவளுக்கு யார் ரசீது தருகிறார்கள்? அதனால்தான் எங்கள் வக்கீல் பெனின் பல்கலைக்கழகத்திலிருந்து டாக்டர் இசோக்கென் அம்மாவை அழைத்து வந்தார். மூன்று வீட்டுக்கு ஒரு வீடு என்று எடுத்து, எல்லா வீட்டிலும் ஒரே கேள்வியை ஒரே மாதிரி கேட்டு, அதிலிருந்து ஊர் மொத்தத்தின் இழப்பையும் கணித்துச் சொல்வது அவருடைய வேலை. கேட்ட விதம் சுத்தமாக இருந்தால் நீதிபதி அதைச் சாட்சியமாக எடுப்பார். அழுக்கு இருந்தால் குப்பையில் போடுவார். முந்நூற்று எண்பது வீட்டுத் தாள்கள். அதில், ஊரின் மூன்று கரைகளில் ஒன்றான கீழ்க்கரையின் நாற்பத்தொன்றும் என்னுடையவை.

நான் மணல்காரன். ஆற்றுக்குள் கம்பைப் பிடித்து மூழ்கி, அடியில் வாளியால் மணல் அள்ளி, மேலே வந்து படகில் கொட்டுகிற வேலை. இருபத்திரண்டு வருஷம். வலது காதில் இன்னும் சீழ் வடிகிறது. நாற்பத்தொரு வயது வரை எழுத்து தெரியாது. குழாய் வெடித்த மறு வருஷம் கம்பெனி ஆள் ஒருவன் அரிசி மூட்டையோடு துறைக்கு வந்தான். தாளை நீட்டினான். வரிசையில் முதல் ஆளாக நின்று பெருவிரலை மையில் அழுத்தி வைத்துக் கொடுத்தேன். அடுத்து நின்றவள் இபியேரே. அவள் நாலாம் வகுப்பு வரை படித்தவள். தாளை வாங்கி, "எங்கள் பக்கம் எல்லாம் சுத்தம் செய்தாகிவிட்டது" என்று அதில் இருந்ததை எல்லார் முன்னாலும் உரக்க வாசித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "எல்லாம் சுத்தமாச்சுன்னு நீதான் கைநாட்டு வெச்சிருக்க, பெருவிரல்!" என்றாள். துறையே சிரித்தது. அன்றிலிருந்து கீழ்க்கரையில் எனக்கு அதுதான் பெயர். அந்த வெட்கத்தில்தான் சர்ச்சில் ஞாயிறு வகுப்புக்குப் போய் எழுத்துப் படித்தேன்.

டாக்டர் அம்மா கேள்வி கேட்க ஆள் எடுத்தபோது எட்டுப் பேரில் நான்தான் மூத்தவன். பள்ளிக்கூடத்தில் ஐந்து நாள் பழக்கினார். தாளில் எழுதியதை எழுதியபடி வாசிக்க வேண்டும். இது எதற்கு, யார் பக்கம் என்று பேசக் கூடாது. "இவ்வளவு இருக்குமா?" என்று நாம் எடுத்துக் கொடுக்கக் கூடாது. தெரியாது என்றால் தெரியாது என்ற கட்டத்தில் குறி போட வேண்டும். முக்கியமான கேள்வி ஒன்றுதான்: குழாய் வெடிப்பதற்கு முந்தைய வருஷம், பங்கு பிரித்த பிறகு உங்களுக்கென்று வாரத்துக்கு எத்தனை பெயின்ட் வாளி நத்தை மிஞ்சியது? பெயின்ட் வாளிதான் எங்கள் சந்தை அளவு.

முதல் நாள் ஏழு வீட்டுக்குப் போனேன். ஆறு வீட்டில் பதில் கிடைக்கவில்லை. எங்கள் பெண்கள் எடுத்த அளவை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். படகு விளிம்பு வரைக்கும் பாரம் ஏற்றி வருகிறவளைக் கேட்டாலும், "ஏதோ, உப்புக்கு ஆச்சு" என்பாள். எண்ணிச் சொன்னால் கழிமுகம் கேட்டுக்கொண்டு கையை மூடிவிடும் என்று ஒரு பயம். இது எனக்குத் தெரியாததா? ஆனாலும் தெரியாது என்ற கட்டத்தில்தான் வரிசையாகக் குறி போட வேண்டியிருந்தது. அதிகம் இழந்தது கீழ்க்கரைதான். அதன் தாளெல்லாம் தெரியாது, தெரியாது என்றால் கோர்ட்டில் எங்களுக்கு என்ன கிடைக்கும்?

இன்னொன்றும் இருந்தது. ஆட்கள் பார்க்க எழுத எனக்கு வராது. எழுத்து குடித்தவன் மாதிரி சாயும். "வாத்தியாரே, அந்த எழுத்துக்குத் தண்ணி ஊத்துங்க, முளைக்கட்டும்!" என்று ஒருத்தி சொல்லி, பக்கத்து வீட்டுக்காரியையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

நான் மணல் இறக்குகிற இடமும் பெண்கள் கரையேறும் துறையும் பக்கம் பக்கம். இருபத்திரண்டு வருஷம் அவர்கள் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். எவள் படகில் எத்தனை வாளி, எவள் தலையில் எத்தனை வாளி என்று எனக்குத் தெரியும். அவர்கள் வாய் மூடினால் என்ன, என் கண் மூடவில்லையே என்று நினைத்தேன். மத்தியானம் வீட்டு மேஜையில் உட்கார்ந்து, நான் பார்த்ததை அவர்கள் சொன்னதாக எழுதினேன். எழுத்து நேராக வந்தது. ஒவ்வொரு தாளையும் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டேன். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

இபியேரே வீட்டைக் கடந்து மூன்று தடவை போனேன். உள்ளே அவள் குரல் கேட்டது. பேனாவோடு நிற்கும் என்னைப் பார்த்து அவள் என்ன சொல்வாள் என்று நினைத்ததும் கால் தானாக நடந்துவிட்டது. அவளுக்குப் பன்னிரண்டு வாளி என்று எழுதினேன். குறைத்து எழுதவில்லையே என்று எனக்கு நானே பெருமை வேறு பட்டுக்கொண்டேன்.

எதிர்த்தரப்பு வந்து விசாரித்துப் போன பிறகு, ஒரு வியாழக்கிழமை டாக்டர் படகில் வந்து இறங்கினார். பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். ஊர்த் தலைவர் வொகோமா அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். மேஜையில் என் நாற்பத்தொரு தாள்களும் பிளாஸ்டிக் பையில் இருந்தன.

"பியோ அண்ணே, நான் சண்டைக்கு வரல," என்றார் டாக்டர். "திங்கட்கிழமை நான் சத்தியம் பண்ணிக் கோர்ட்டுல எழுதிக் கொடுக்கணும். தப்பு ஒரு தாள்லதான்னா ஒரு தாள்னு சொல்லி அதை எடுத்துடுவேன். அதுக்கு மேல இருந்தாலும் இப்பவே சொல்லிடுங்க. மறைச்சு, அவங்க குறுக்கு விசாரணையில தோண்டி எடுத்தா முந்நூத்தி எண்பதும் போயிடும்."

வொகோமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் போனேன் டாக்டர்," என்றேன். "அவ மறந்திருப்பா. இல்ல, வேணும்னே பொய் சொல்றா. அவளுக்கும் எனக்கும் ஆகாது, ஊருக்கே தெரியும்."

வொகோமா மூச்சு விட்டார். "அதான் பாத்தேன். கூப்பிடு அவளை."

இபியேரே வந்தாள். நத்தை உடைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே எழுந்து வந்திருக்கிறாள். இடுப்புத் துணியில் ஓட்டுத் துணுக்கு ஒட்டியிருந்தது, கையில் குட்டைக் கத்தி.

"கத்தியைக் கீழ வை, நாங்க பயந்துட்டோம்," என்றார் வொகோமா.

"பயப்பட வேண்டியவன் பயந்தாப் போதும் தலைவரே. என்ன விஷயம்? பாதியில விட்டுட்டு வந்திருக்கேன்."

"ஒரு வார்த்தைதான். போன டிசம்பர்ல பியோ உன் வீட்டுக்கு வந்தான். நீ மறந்துட்ட. அவ்வளவுதான், போயிட்டு வா."

"வந்தானா?"

"வந்தேன்னு அவன் சொல்றான். நீ பொய் சொல்றேன்னும் சொல்றான்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "பெருவிரல், நீ வந்தியா?"

நான் மேஜையைப் பார்த்தபடி ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"தலைவரே, அவங்க வாயில நீங்க வார்த்தை வைக்காதீங்க," என்றார் டாக்டர்.

"உங்களுக்குக் கணக்கு டாக்டர். எங்களுக்கு ஊர். இந்த ஒரு பொம்பள வாய்ல எல்லாம் கவிழணுமா?"

இபியேரே கத்தியின் முனையைத் துணியில் துடைத்தாள்.

"ஊர் கவிழும்னா, சரி, வந்தான். நான் மறந்துட்டேன்," என்றாள். "ஆனா நாளைக்கு அவங்க வக்கீல் என்னைக் கூண்டுல ஏத்தி, 'நீ என்னம்மா சொன்ன?'ன்னு கேட்டா என்ன சொல்ல? அதையும் சொல்லிக் குடுங்க. பொய்யாவது ரெண்டு பேர் வாயிலயும் ஒண்ணா இருக்கட்டும்."

"என் முன்னாடி இந்தப் பேச்சு வேண்டாம்," என்று டாக்டர் எழுந்தார். அதற்குள் இபியேரே மேலே கிடந்த தன் தாளை எடுத்துவிட்டாள். விரல் வைத்து வாசித்தாள். முகம் மாறியது. பிறகு சிரிக்க ஆரம்பித்தாள்.

"பங்கு பிரித்த பிறகு பன்னிரண்டு வாளியா! ஏன்யா, குழாய் வெடிக்கறதுக்கு ரெண்டு வருஷம் முந்தியே என் முட்டி போயி நான் சேத்துல இறங்குறதையே விட்டாச்சு. பன்னிரண்டு எங்கிருந்து வந்துச்சு? உன் காதுலேர்ந்தா?"

"நான் பாத்தேனே!" என்று கத்திவிட்டேன். "உன் படகுல பன்னிரண்டு வாளி. நீதான் துடுப்புப் போட்டு வந்த. துறையில நின்னு என் கண்ணால பாத்தேன்."

டாக்டர் நின்றார். "பாத்தீங்களா? அவங்க சொன்னாங்களா, நீங்க பாத்தீங்களா?"

இபியேரே விடவில்லை. "படகு என்னோடது. வாளி என்னோடதா? பெலேமாவோடது, கைக்குழந்தைக்காரிங்களோடது, படகு இல்லாதவளுங்களோடது. அவங்க பொறுக்கி வெச்சதை நான் ஏத்திக் கொண்டுவந்து, எல்லாத்தையும் எங்க அடுப்படியில கொட்டிப் பிரிப்போம். வாளிக்கு ஒரு கை எனக்கு. கீழ்க்கரையில பதினோரு படகும் அப்படித்தான். ஆம்பளைங்க துறையோட நின்னுடுறீங்க. பிரிக்கிறது உள்ள. உனக்கு எப்படித் தெரியும்?"

அந்த நிமிஷம்தான் எனக்குப் புரிந்தது. இபியேரே படகிலிருந்து இறங்கிய வாளியை இபியேரே தாளில் எழுதியிருந்தேன். அதே வாளியைத் தலையில் தூக்கிக்கொண்டு மேடு ஏறியவளின் தாளிலும் எழுதியிருந்தேன். பதினோரு படகுக்கும் அப்படித்தான். ஒரே நத்தை இரண்டு வீட்டில், சில நேரம் மூன்று வீட்டில். அவர்கள் சொல்லாத உண்மையை நான் எழுதுகிறேன் என்று நினைத்திருந்தேன். எழுதியது உண்மையும் இல்லை.

"எத்தனை தாள் அண்ணே?" என்று டாக்டர் கேட்டார். குரல் உயரவில்லை.

"இவ வீடு மட்டும்தான் போகல. மத்த வீட்டுக்குப் போனேன், சத்தியமா. போனேன், அவங்க சொல்லல. நானா எழுதினேன்."

"எத்தனை?"

பையைப் பிரித்து, இபியேரே கையிலிருந்த தாளையும் வாங்கிச் சேர்த்து என் முன் வைத்தார். பிரிப்பது எனக்குச் சுலபமாக இருந்தது, அதுதான் கேவலம். எழுத்து கோணலாக இருந்தவை அவர்கள் முன்னால் உட்கார்ந்து, அவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதியவை. நேராக, அழகாக இருந்தவை பொய். கோணல் பதினாலு. அழகு இருபத்தேழு.

வொகோமா தலையில் கை வைத்துக்கொண்டார். "கம்பெனிக்காரன் கையில காசு வாங்கிட்டுப் பண்ணியிருந்தாக்கூட 'துரோகி'ன்னு திட்டிட்டு ஆறிப்போவேன். நீ சும்மாவே செஞ்சிருக்கியேடா பாவி! சும்மாவே!"

"ஊருக்கு நல்லதுன்னு..."

"மூடு வாயை."

"இந்தப் பதினாலையாவது வெச்சுக்குங்க டாக்டர்," என்றேன். "இது சத்தியமா அவங்க சொன்னது."

"இருக்கலாம் அண்ணே. ஆனா அதுக்கு சாட்சி யாரு? நீங்க. உங்க வார்த்தையை நம்பி நான் எப்படி சத்தியம் பண்ணுவேன்?" அவர் நாற்பத்தொன்றையும் சேர்த்துத் தட்டி அடுக்கினார். "எல்லாம் எடுத்துடணும். ஏன் எடுத்தேன்னு நானே கோர்ட்டுல சொல்லணும்."

"அப்ப வேற ஆளை வெச்சு மறுபடி கேளுங்க," என்றார் வொகோமா. "இந்தத் தடவை நானே பொம்பளைங்ககிட்ட சொல்றேன், பயப்படாம அளவு சொல்லுங்கன்னு."

"அதனாலதான் கேக்க முடியாது தலைவரே. அப்ப எதுக்குக் கேக்கறாங்கன்னு யாருக்கும் தெரியாது. இப்ப கீழ்க்கரை முழுக்கத் தெரியும். சொல்லிக் குடுத்துட்டாங்கன்னு அவங்க சொல்வாங்க. சொன்னா அது சரியாத்தான் இருக்கும்."

"கீழ்க்கரைக்கு அப்ப என்ன?"

"மத்த ரெண்டு கரையோட சராசரியைத்தான் இங்கயும் போடணும்."

மேல்கரையில் கடைக்காரர்கள், வாத்தியார்கள், சர்ச்சுக்காரர்கள். அவர்கள் கழிமுகத்தில் கை நனைப்பது ஞாயிற்றுக்கிழமை குழம்புக்குத்தான். நடுக்கரையில் பாதிப்பேர் தையல், தச்சு. அவர்கள் சராசரியைக் கீழ்க்கரைக்குப் போட்டால் பாதிகூட வராது என்று டாக்டர் சொல்லாமலே மூன்று பேருக்கும் புரிந்தது.

இபியேரே வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. அடுக்கிலிருந்து தன் தாளை எடுத்து மறுபடி ஒருமுறை பார்த்து, மேஜையில் திருப்பி வைத்துவிட்டு, "எழுத்து அழகாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

டாக்டர் நான் சொன்னதையெல்லாம் ஒரு தாளில் எழுதி என்னிடம் வாசிக்கக் கொடுத்தார். அவசரப்படுத்தவில்லை. அரை மணி நேரம் எடுத்து ஒவ்வொரு வரியாக வாசித்தேன். சரியாகத்தான் எழுதியிருந்தார். ஒன்று மட்டும் இல்லை.

"இபியேரே பொய் சொல்றான்னு நான் முதல்ல சொன்னது இதுல வரலையே டாக்டர்."

"அது வழக்குக்கு வேண்டாம் அண்ணே."

சரி என்று கையெழுத்துப் போட்டேன். வழக்குக்கு வேண்டாம்தான்.

வொகோமா கதவருகே நின்று சொன்னார்: "நான் போய்ச் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு வீட்டுக்கும் நீயே போ. அவங்க தாள் செல்லாதுன்னு உன் வாயால சொல்லு."

முதலில் பெலேமா வீட்டுக்குப் போனேன். கோணல் பதினாலில் அவளுடையதும் ஒன்று. டிசம்பரில் நான் கேள்வியை வாசித்து முடித்ததும் அவள் பிள்ளைகளை வெளியே அனுப்பினாள். கதவைச் சாத்தினாள். அப்புறமும் குரலில் சொல்லவில்லை. என் நல்ல காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து எண்ணிக்கையை மூச்சாக ஊதினாள். சொன்ன பிறகு தரையைத் தொட்டுக் கும்பிட்டாள்.

இப்போது அவள் அடுப்பில் கர்ரி என்கிற மரவள்ளி மாவுக் களியைக் கிளறிக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே எல்லாம் சொன்னேன். கரண்டி நிற்கவில்லை.

"எல்லார் தாளுமா?"

"எல்லாமும்."

"நான் சொன்னதுமா? நான் நெசமாத்தானே சொன்னேன்."

"நெசம்தான் தங்கச்சி. நான் எழுதினதும் நெசம். ஆனா நான் மத்ததுல பொய் எழுதினதால இதையும் நம்ப மாட்டாங்க."

"அப்ப எதுக்குண்ணே என்னைச் சொல்ல வெச்ச?" கேட்டுவிட்டு அவளே பதிலை எதிர்பார்க்காமல் சட்டியை இறக்கினாள். "எங்கம்மாகிட்டகூட சொன்னதில்ல. தாளும் பேனாவுமா வந்து கேக்குறியேன்னு பயந்து சொன்னேன். அந்த வாரம் பூரா எனக்குத் தூக்கமில்ல, தெரியுமா?"

கர்ரியை உருட்டித் தட்டில் வைத்தாள். எனக்கும் ஒரு தட்டு எடுத்தாள், பிறகு என்ன நினைத்தாளோ, திருப்பி வைத்துவிட்டாள்.

"நான் சொன்ன எண்ணு உனக்கு இன்னும் ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"கோர்ட்டுக்கு வேண்டாம்னு ஆயிடுச்சுல்ல. அப்ப இனிமே யார்கிட்டயும் அதைச் சொல்லாத."

"சொல்ல மாட்டேன்."

"வாய்க்குள்ளகூட சொல்லிப் பாக்காத," என்றாள்.

சரி என்று வெளியே வந்தேன். அடுத்த வீட்டில் ஒருத்தி வாசலில் நின்று, நான் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செய்தி அதற்குள் போய்விட்டது போலிருந்தது. அன்று ஏழு வீடுதான் முடிந்தது.